மிச்ச நூலில் மலரும் போர்வை

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலுக்கடியில் கிடக்கும் தகரப் பெட்டியிலோ ஒரு பை இருக்கக்கூடும். பேரக் குழந்தைக்குக் குல்லாய் பின்னியது போக எஞ்சிய இளஞ்சிவப்பு நூல், தொழுகைத் தொப்பி பின்னி மிஞ்சிய வெள்ளை நூல், எதற்காக வாங்கினோம் என்பதே மறந்துபோன பச்சை நூல் என்று சின்னஞ்சிறு உருண்டைகள் அதனுள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பை வெளியே வரும். எறிய மனம் வராது. எதற்கும் போதாத அளவு என்பதால் பயன்படுத்தவும் வழி தெரியாது. மீண்டும் அதே இடத்துக்கே போய்விடும்.

சகோதரிகளே! அந்தப் பைக்குள் ஒரு போர்வை உறங்குகிறது. மார்கழிக் குளிரில் அரசு மருத்துவமனையின் வராந்தாவில், நோயாளிக்குத் துணையாக வெறுந்தரையில் முடங்கிக் கிடக்கும் ஒரு தாயின் தோளில் விழ வேண்டிய போர்வை அது. அதனை எழுப்பும் வழியையும், அதற்குமுன் நம் உள்ளத்தில் தெளிவு பெற வேண்டிய ஒரு வினாவையும் இக்கட்டுரையில் காண்போம்.

தேனீ கற்றுத் தரும் கணக்கு

மிச்ச நூலைக் கொண்டு பின்னுவோர் பெரும்பாலும் சிறுசிறு துண்டுகளாகப் பின்னி, பிறகு அவற்றை இணைப்பர். அத்துண்டைப் பெண்கள் 'பூ' என்று அழைப்பதுண்டு. பூவை வட்டமாகப் பின்னலாம். ஆனால் வட்டங்களை அருகருகே வைத்தால் நடுவில் ஓட்டை விழும். ஒரே அளவும், சம பக்கமும், சம கோணமும் கொண்ட துண்டுகளால் இடைவெளியின்றித் தளத்தை நிரப்ப மூன்று வடிவங்களால் மட்டுமே இயலும். அவை முக்கோணம், சதுரம், அறுகோணம்.

இம்மூன்றிலும் அறுகோணத்துக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. ஏறத்தாழ 87 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது முக்கோணமாயின் அதன் சுற்றளவு சுமார் 42 செ.மீ.; சதுரமாயின் சுமார் 37 செ.மீ.; அறுகோணமாயின் 35 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. பரப்பு ஒன்றே, தைக்க வேண்டிய ஓரமோ குறைகிறது. நூலும் மிச்சம், உழைப்பும் மிச்சம்!

இந்தக் கணக்கை மனிதர்களுக்கு முன்பே செயலில் காட்டியது தேனீ. தேனடையின் அறைகள் ஏன் அறுகோணமாய் இருக்கின்றன என்பதைப் பற்றி அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பாப்பஸ் என்ற கணித அறிஞர் கி.பி. 4ஆம் நூற்றாண்டிலேயே வியந்து எழுதினார். ஒரு தளத்தைச் சம பரப்புள்ள அறைகளாகப் பிரிக்க அறுகோணமே மிகக் குறைந்த சுவரைக் கேட்கும் என்பதற்கு முழுமையான கணித நிரூபணத்தைத் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அளித்தது 1999ஆம் ஆண்டில்தான்!

திருமறையின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயராலேயே 'அந்நஹ்ல்' என்று வழங்குகிறது. அதன் 68, 69ஆவது வசனங்களில், தேனீக்குத் தன் இறைவன் வழிகாட்டியமை கூறப்படுகிறது. பின்னல் ஊசி பிடிக்கும் சகோதரிகள் இந்த அத்தியாயத்தை முழுவதும் பொருளுணர்ந்து ஓதிப் பார்க்க வேண்டும். அதன் 80ஆவது வசனத்தில், கால்நடைகளின் கம்பளியும் ரோமமும் முடியும் வீட்டுப் பொருள்களாக நமக்கு அருளப்பட்டமை நினைவூட்டப்படுகிறது. 90ஆவது வசனம், ஜும்ஆ குத்பாவின் இறுதியில் நாம் வழக்கமாகச் செவியுறுவது. அது நீதியையும் 'இஹ்ஸான்' என்னும் அழகிய செயலையும் ஏவுகிறது. 92ஆவது வசனத்தில் நூல் நூற்ற ஒரு பெண் உவமையாக வருகிறாள். அவளைப் பற்றி இறுதியில் பேசுவோம்.

மிச்சத்தைக் கொடுப்பது தர்மமா?

எங்கள் நிஸ்வான் மதரஸாவில் அஸர் தொழுகைக்குப்பின் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் மாணவியர் சிலர் இத்தகைய பூக்களைப் பின்னுகின்றனர். அவர்களுள் ஒருத்தி ஒருநாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"உஸ்தாதா! நமக்கு உதவாது என்று ஒதுக்கி வைத்த நூலைத்தானே பின்னுகிறோம்? மிச்சம் மீதியைக் கொடுத்துவிட்டு அதற்குச் சதகா என்று பெயர் வைக்கலாமா?"

எவ்வளவு கூர்மையான வினா! அவள் வெறுமனே கேட்கவில்லை. 'அல்பகரா' அத்தியாயத்தின் 267ஆவது வசனத்தை அவ்வாரம்தான் அவள் பாடமாக ஓதியிருந்தாள். நமக்கு ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்க மாட்டோமே, அத்தகைய மட்டமான பொருளைத் தேடியெடுத்து இறைவழியில் கொடுக்காதீர்கள் என்பது அவ்வசனத்தின் கருத்து. அது அருளப்பட்ட பின்னணியையும் நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். மதீனாவில் அன்சாரித் தோழர்கள் தங்கள் தோட்டத்துப் பேரீச்சங் குலைகளைக் கொணர்ந்து ஏழைகளுக்காகப் பள்ளிவாசலில் தொங்கவிடுவர். பசித்தவர் வந்து உண்பர். அக்குலைகளுக்கு நடுவே சிலர் காய்ந்து சுருங்கிய பழங்களையும் தொங்கவிட்டனர். அப்போதுதான் அந்தக் கண்டிப்பு வந்தது.

அப்படியானால் மிச்ச நூலை என்ன செய்வது? வீசியெறிவதா? அதற்கும் வழியில்லை. வீண்விரயம் செய்வோரைப் பற்றிய எச்சரிக்கை 'பனீ இஸ்ராயீல்' அத்தியாயத்தில் எவ்வளவு கடுமையானது என்பதை நாமறிவோம். உணவுண்ணும்போது கீழே விழுந்த ஒரு கவளத்தைக்கூட அழுக்கு நீக்கி உண்ணுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டு கட்டளைகளையும் அருகருகே வைத்துச் சிந்தித்துப் பாருங்கள். மிச்சம் என்பது வேறு. மட்டம் என்பது வேறு. மிச்சம் அளவைக் குறிப்பது. மட்டம் தரத்தைக் குறிப்பது. கீழே விழுந்த கவளம் மிச்சமேயன்றிக் கெட்டுப்போன உணவன்று. சுருங்கிய பேரீச்சம்பழமோ, குலை முழுவதும் இருந்தாலும் மட்டம்தான். நல்ல நூலில் 10 கிராம் எஞ்சியிருந்தால் அதன் நன்மை குறைந்துவிடவில்லை. அந்த நூலால் ஏனோதானோவென்று பின்னி, முடிச்சு முடிச்சாய்த் தொங்கவிட்டு, ஒரு சலவைக்குள் பிரிந்துபோகும் போர்வையைக் கொடுத்தால், அதுவே மட்டமான தர்மம். நூலை மட்டமாக்குவதும் மேன்மையாக்குவதும் நம் கைகளே.

ஆகவே அம்மாணவிக்கு நான் ஓர் உரைகல்லைச் சொன்னேன்: "இப்போர்வையை உன் உம்மாவின் மேல் போர்த்துவாயா? ஆம் என்று உன் உள்ளம் தயங்காமல் சொன்னால் கொடு. இல்லையேல் பிரித்துப் பின்னு." கீழே கூறப்போகும் செய்முறை அனைத்தும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட வேண்டியவை.

நூலைத் தேர்தல்

முதலில் பையைக் கவிழ்த்து நூல்களை வகைபிரியுங்கள். நம் கடைகளில் 'உல்லன் நூல்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ஆட்டு ரோமமன்று. அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. ஐயமிருப்பின் விரல்நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, நீர் நிறைந்த தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். உண்மைக் கம்பளி முடி கருகும் நாற்றமடிக்கும். அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாக இறுகும்.

ஒரே போர்வையில் இம்மூன்றையும் கலக்காதீர்கள். உண்மைக் கம்பளி வெந்நீரில் சுருங்கும். அக்ரிலிக் அவ்வாறு சுருங்காது. ஒரு சலவையிலேயே போர்வை கோணிப்போகும். மருத்துவமனைக்கும் விடுதிக்கும் கொடுப்பதாயின் அக்ரிலிக் ஏற்றது. அடிக்கடி துவைக்கலாம், விரைவில் உலரும். ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. அடுப்பருகிலும் கொண்டு செல்லக்கூடாது. கொடுக்கும்போது இதனையும் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

பூச்சியரித்த நூலையும், இழுத்தால் அறும் நூலையும் தயங்காமல் ஒதுக்குங்கள். தலையணைக்குள் திணிக்க அவை உதவும். சாயம் போகுமோ என்று ஐயப்படும் நூலை வெள்ளைத் துணியில் சுற்றிச் சோப்பு நீரில் நனைத்துப் பாருங்கள். மெல்லிய நூலாயின் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் தடித்த நூலுக்கு இணையாக வரும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது முதுமொழி. நெடுநாள் கிடந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, நிழலில் உலர்த்திய பிறகே ஊசியில் ஏற்றுங்கள்.

பூ பின்னும் முறை

நடுத்தரத் தடிமனுள்ள நூலுக்கு 4 மி.மீ. குரோஷா ஊசி போதும். பின்னல்களின் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகின்றன. அமெரிக்கப் புத்தகங்கள் 'டபுள்' என்று சொல்லும் பின்னலையே ஆங்கிலேயப் புத்தகங்கள் 'ட்ரெபிள்' என்கின்றன. எனவே பெயரை விடுத்துச் செயலைச் சொல்கிறேன். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, ஊசியை உள்ளே நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டு வளையங்களின் வழியே இழுங்கள். இன்னொரு முறை மாட்டி எஞ்சிய இரண்டின் வழியே இழுங்கள். இதை இங்கே 'நெட்டைப் பின்னல்' என்போம்.

முதற் சுற்று: 5 சங்கிலிகள் போட்டு வட்டமாக இணையுங்கள். 3 சங்கிலிகள் எழுப்புங்கள்; இது முதல் நெட்டைப் பின்னலாகக் கணக்கிடப்படும். வட்டத்துக்குள் இன்னொரு நெட்டைப் பின்னல், பிறகு 1 சங்கிலி. அடுத்து, 2 நெட்டைப் பின்னல், 1 சங்கிலி என்று ஐந்து முறை போட்டு, தொடக்கத்தோடு இணையுங்கள். மொத்தம் 12 நெட்டைப் பின்னல்களும், ஆறு மூலைகளாய் ஆறு சங்கிலி இடைவெளிகளும் கிடைக்கும்.

இரண்டாம் சுற்று: முன்சுற்றின் ஒவ்வொரு நெட்டைப் பின்னலின் தலையிலும் ஒவ்வொன்று போடுங்கள். ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் 1 நெட்டைப் பின்னல், 1 சங்கிலி, 1 நெட்டைப் பின்னல் போடுங்கள். இப்போது பக்கத்துக்கு 4 வீதம் 24 ஆகும்.

மூன்றாம் சுற்றும் நான்காம் சுற்றும் இதே முறைதான். மூன்றாவதில் பக்கத்துக்கு 6 வீதம் 36. நான்காவதில் பக்கத்துக்கு 8 வீதம் 48.

12, 24, 36, 48 என்ற இக்கணக்கை மனத்தில் பதித்துக்கொண்டால் தாளைப் பார்க்க வேண்டியதில்லை. பூ கிண்ணம்போல் குவிந்தால் பின்னல் எண்ணிக்கை குறைந்திருக்கிறது அல்லது கை இறுகியிருக்கிறது. அப்பளம்போல் அலையலையாய் எழுந்தால் எண்ணிக்கை மிகுந்திருக்கிறது. நிறுத்தி எண்ணிப் பாருங்கள்.

ஒரு பூவில் மொத்தம் 120 நெட்டைப் பின்னல்கள். முதற் சுற்றுக்கு அதில் பத்து விழுக்காடு, இரண்டாவதற்கு இருபது, மூன்றாவதற்கு முப்பது, நான்காவதற்கு நாற்பது. நூலும் ஏறத்தாழ இதே விகிதத்தில்தான் செலவாகும். பூ ஒன்று 5 கிராம் எடையிருந்தால் நடுச்சுற்றுக்கு அரைக் கிராம் நூலே போதும்! எதற்கும் உதவாது என்று நீங்கள் எண்ணிய மிகச் சிறிய உருண்டைக்கும் ஒரு பூவின் நடுவிடம் காத்திருக்கிறது. சற்றுப் பெரிய உருண்டைகள் இரண்டாம், மூன்றாம் சுற்றுக்குப் போகட்டும்.

நான்காம் சுற்றை மட்டும் எல்லாப் பூக்களிலும் ஒரே நிறத்தில் பின்னுங்கள். கறுப்பு, கருநீலம், பால்வெள்ளை எதுவாயினும் சரி. சிதறிய நிறங்களை ஒரு குடும்பமாக்குவது இந்த ஒற்றை நிறமே. இதற்கான நூலைக் கடையில் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அந்த மாணவியின் வினாவுக்கு இங்கேயும் ஒரு விடையுண்டு. போர்வையின் நாற்பது விழுக்காட்டை நாம் விலைகொடுத்து, மனமுவந்து வாங்கித்தான் நிறைவு செய்கிறோம்.

எத்தனை பூ, எவ்வளவு நூல்?

வெவ்வேறு நூல்களால் பின்னும்போது பூக்களின் அளவு மாறும். எனவே அட்டையில் ஓர் அளவுகோல் வெட்டிக்கொள்ளுங்கள். கவராயத்தை 5.8 செ.மீ. விரித்து ஒரு வட்டம் வரையுங்கள். விரிப்பை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடியடியாக வைத்துப் போனால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை நேர்கோடுகளால் இணைத்தால் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 10 செ.மீ. அகலமுள்ள அறுகோணம் கிடைக்கும். ஒவ்வொரு பூவையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். சிறுத்திருந்தால் ஊசியை 4.5 மி.மீ. ஆக்குங்கள், பெருத்திருந்தால் 3.5 மி.மீ. ஆக்குங்கள்.

இந்த அளவில், ஒருவர் போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு 23 வரிசைகள் வேண்டும். 15 பூக்கள் கொண்ட வரிசையும் 14 பூக்கள் கொண்ட வரிசையும் மாறிமாறி வரும். பதினைந்தில் 12 வரிசைகள், பதினான்கில் 11 வரிசைகள். ஆக 334 பூக்கள். போர்வை ஏறத்தாழ 150 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் இருக்கும். தனியொருத்தி நாளைக்கு ஒன்று பின்னினால் 11 மாதம். பத்துப் பேர் நாளைக்கு இரண்டு பின்னினால் 17 நாள். ஒரு தெருவின் பெண்கள் கூடினால் ரமளானுக்கும் பெருநாளுக்கும் இடையில் ஒரு போர்வை முடிந்துவிடும்.

நூலின் அளவையும் முன்பே கணிக்கலாம். முதலில் பின்னிய பத்துப் பூக்களை நிறுத்துப் பாருங்கள். அவை 50 கிராம் இருந்தால் 334 பூக்களுக்கு 1,670 கிராம். அதில் நான்காம் சுற்றுக்கு மட்டும் சுமார் 670 கிராம். இணைப்புக்கும் ஓரத்துக்கும் சேர்த்து அந்த ஒற்றை நிற நூலைச் சற்று மிகுதியாக, ஒரே தவணையில் வாங்குவது நல்லது. மறுமுறை வாங்கும் நூல் சாயத்தில் சிறிது வேறுபடலாம்.

பூக்களை எல்லாம் தரையில் விரித்த துணிமேல் அடுக்கி, ஒரே நிறம் ஒரே இடத்தில் குவியாமல் மாற்றிவைத்துப் பிறகு இணையுங்கள். மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசியால் பக்கத்தோடு பக்கம் தைக்கலாம். ஒவ்வொரு முனையிலும் மூன்று பூக்கள் சந்திக்கும். அம்முனைகளில் இரண்டு தையல் கூடுதலாகப் போடுங்கள்; போர்வை முதலில் விட்டுக்கொடுக்குமிடம் அதுதான்.

மறைந்திருக்கும் வேலை

இந்தக் கைவேலையில் எவருக்கும் பிடிக்காத பகுதி ஒன்றுண்டு. சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும்போது நூல் முனைகள் தொங்கும். நான்கு நிறமுள்ள ஒரு பூவுக்கு எட்டு முனைகள். 334 பூக்களுக்கு 2,672 முனைகள்! பலர் முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடுகின்றனர். முதல் நாள் அழகாகத் தெரியும். மூன்றாவது சலவையில் முடிச்சு நழுவும், நூல் அவிழும், பூ கரையும்.

ஒவ்வொரு முனையையும் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். பின்பக்கத்தில் அதே நிறப் பின்னல்களின் ஊடே ஒரு திசையில் ஊசியால் கோத்துச் சென்று, பிறகு திரும்பி எதிர்த் திசையில் கோத்து வாருங்கள். அதன்பிறகே ஒட்ட வெட்டுங்கள். ஒவ்வொரு பூ முடிந்ததும் இதனைச் செய்துவிட்டால் இறுதியில் மலைப்பு இராது.

பெறுகின்றவர் இதனைப் பார்க்கப் போவதில்லை, பாராட்டவும் போவதில்லை. அவரும் அறியாத இந்த வேலையை அழகாகச் செய்வதற்குப் பெயர்தான் இஹ்ஸான். அல்லாஹ்வைக் காண்பதுபோல் வணங்குதல், நாம் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்று உணர்தல் என்று வகுப்பறையில் விளக்கம் படிக்கிறோமே, அதன் செயல்முறைப் பாடம் போர்வையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

கைக்குழந்தைகளுக்குப் பின்னுவோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தொங்கும் நூல் பிஞ்சு விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடக்கூடும். இடைவெளியுள்ள பின்னலில் விரல் மாட்டிக்கொள்ளவும் கூடும். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வை எதையும் மேலே போடலாகாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அவர்களுக்குக் குல்லாயே போதும். போர்வை பெரியவர்களுக்கு ஆகட்டும்.

மிச்ச நூல் உண்டு. மிச்ச உழைப்பு இல்லை

இங்கே ஆண்களும் செவிசாய்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுவது' என்று இதனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பெண் சும்மா இருக்கிறாள்?

ஆந்திர மாநிலத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர் என்ற ஊர் குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்றது. அங்கே வீட்டிலிருந்தபடி லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஆராய்ந்த ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் பின்னினர், அப்பின்னல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று, வணிகர்கள் செழித்தனர். ஆனால் 'வீட்டிலிருக்கும் பெண்ணின் பொழுதுபோக்கு' என்று அவ்வுழைப்பு கருதப்பட்டதால் கிடைத்த கூலியோ அற்பம். உழைப்புக்கு 'ஓய்வு நேரம்' என்று பெயர் சூட்டினால் அதன் விலையை எளிதில் குறைத்துவிடலாம் என்பதையே அந்த ஆய்வு காட்டியது.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கன்னிமாடங்களில் கற்பிக்கப்பட்ட குரோஷா லேஸ் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பெண்கள் ஒன்றுகூடினால் எவ்வளவு இயலும் என்பதற்கு நம் சென்னையே சான்று. 2016ஆம் ஆண்டு சனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற அமைப்பினர் ஒன்றிணைத்த குரோஷா போர்வை 11,148 சதுர மீட்டர் பரப்புடன் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வருமானத்துக்காகத் தொப்பியும் பையும் பின்னும் ஏழைச் சகோதரியிடம் "சதகாதானே, நீயும் பின்னிக் கொடு" என்று கேட்காதீர்கள். அவளுடைய நேரம் அவள் பிள்ளைகளின் உணவு. அவளையும் சேர்க்க விரும்பினால் உரிய கூலியைக் கொடுத்துச் சேருங்கள். அடுத்து, பின்னுவதற்கு வீட்டுப் பெண்கள் அமரும் அந்த அரைமணி நேரத்தில், பிள்ளையை ஆண்கள் கையில் வாங்கிக்கொள்ளட்டும். தர்மத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

நீண்ட கை

தம் துணைவியருள் யார் தம்மை முதலில் வந்தடைவார் என்பதைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள், 'நீண்ட கையுடையவர்' என்று குறிப்பிட்டார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்துக்கொண்டனர். நபிகளாருக்குப் பின் முதலில் மறைந்தவர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டில். அவர்கள் உயரமானவர்களல்லர். ஆனால் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்து வந்தார்கள். நீண்ட கை என்பது அளவில் நீண்ட கையன்று, கொடுப்பதில் நீண்ட கை என்பதை அப்போதுதான் மற்ற அன்னையர் உணர்ந்தனர். ஊசியும் நூலும் பிடிக்கும் நம் ஒவ்வொருவருக்கும் இதைவிட மேலான முன்மாதிரி ஏது?

போர்வை முடிந்ததும் துவைத்து, உலர்த்தி, மடித்து, நல்ல உறையிலிட்டுக் கொடுங்கள். முதியோர் இல்லம், அநாதை விடுதி, மருத்துவமனை வளாகம், மலைத் தோட்டங்களில் குளிரில் வாடும் தொழிலாளர் குடியிருப்பு என்று தேவைப்படும் இடங்கள் பல. தேவையை முன்கூட்டியே விசாரித்து அறியுங்கள். பெறுகின்றவர் எந்த மதத்தவர் என்று பார்க்காதீர்கள், குளிருக்கு மதமில்லை. பெறுபவரை நிறுத்திப் படமெடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்ததை அவருக்கும் பிறருக்கும் நினைவூட்டிக்கொண்டிராதீர்கள்.

நூல் நூற்ற பெண்ணைப் பற்றி இறுதியில் பேசுவோம் என்றேன். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிவிட்டவளைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று 'அந்நஹ்ல்' அத்தியாயம் எச்சரிக்கிறது. மக்காவில் அப்படியொரு பெண் இருந்ததாகத் தஃப்ஸீர் நூல்களில் குறிப்பும் உண்டு. செய்துகொண்ட உடன்படிக்கையை முறிப்போரைக் குறித்தே அவ்வுவமை கூறப்பட்டது. எனினும் ஊசி பிடித்தவர்களுக்கு அது இன்னொரு வகையிலும் உறைக்கும். குரோஷா பின்னலின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். இறுதி வளையத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு நூலை இழுத்தால், பல நாள் உழைப்பும் ஒரு நொடியில் பிரிந்து வெறும் நூலாகிவிடும். சொல்லிக் காட்டுவதாலும் மனத்தைப் புண்படுத்துவதாலும் தர்மங்கள் வீணாகிவிடும் என்று 'அல்பகரா' அத்தியாயத்தின் 264ஆவது வசனம் உணர்த்துவதும் இதைத்தான். 334 பூக்களைப் பின்னியவள், ஒரு சொல்லால் அத்தனையையும் பிரித்துவிடலாம்.

சகோதரிகளே! இன்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பையை இறக்குங்கள். பிஸ்மி சொல்லி ஒரே ஒரு பூவைப் பின்னுங்கள். அதன் முனைகளை ஒழுங்காக மறையுங்கள். நாளை மற்றொன்று.

நம் கைகளில் மிஞ்சியதிலும் பரக்கத் செய்து, நாம் செய்யும் சிறு அமலையும் இக்லாஸோடும் இஹ்ஸானோடும் நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.